முப்பது மைல் நடந்த காதல்

பிப்ரவரி மாதம் முழுவதும் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களை மட்டுமே வாசிப்பது என்று நாங்கள் சில நண்பர்கள் முடிவு செய்தபோது, பட்டியல் தயாரிப்பதில் சிக்கல் எதுவும் இருக்காது என்றே எண்ணினோம். டோனி மாரிசன், ரிச்சர்ட் ரைட், ஜேம்ஸ் பால்ட்வின், ஆலிஸ் வாக்கர் என்று பெயர்கள் தாமாகவே வந்து விழுந்தன. நண்பர் ஒருவர் மட்டும் பெவர்லி ஜென்கின்ஸ் என்ற பெயரைச் சேர்த்தார். அவர் காதல் நாவல்கள் எழுதுபவர் என்று தெரிந்ததும் எங்களுக்குள் ஒரு மெல்லிய சிரிப்பு எழுந்தது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களைப் பார்க்கும் அதே பார்வைதான். இலக்கியம் படிக்க உட்கார்ந்த இடத்தில் இது எதற்கு என்பதே அச்சிரிப்பின் பொருள். மாத இறுதியில் அதற்காக நாங்கள் வெட்கப்பட நேர்ந்தது. அதன் காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த மாதத்தின் கதையைப் பார்ப்போம். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1875இல் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் கார்ட்டர் ஜி. உட்சன். 1926ஆம் ஆண்டு பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தைக் கறுப்பின வரலாற்று வாரமாக அவர் அறிவித்தார். ஆபிரகாம் லிங்கன், பிரெடரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்தநாள்களும் அவ்வாரத்தில் வருவதே காரணம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1976இல், அவ்வாரம் ஒரு மாதமாக விரிந்தது. அதே ஆண்டில்தான் அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' வெளிவந்தது. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் அதை வாசித்தவர்கள் நம்மில் பலர்.

டக்ளஸுக்குத் தாம் பிறந்த நாள் தெரியாது. அடிமையின் பிறப்பை யாரும் குறித்து வைப்பதில்லை. பிற்காலத்தில் பிப்ரவரி 14ஐ அவர் தம் பிறந்தநாளாகக் கொண்டார். உலகம் காதலர் தினமாகக் கொண்டாடும் நாளும் அதுவே. தற்செயல்தான் என்றாலும், எங்கள் வாசிப்பை அது ஒரு கேள்வியின்பால் திருப்பியது. பிறந்தநாள்கூட உரிமையாக இல்லாத மனிதர்கள் எவ்வாறு காதலித்தனர்?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளின் திருமணத்திற்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பில்லை. ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியே அற்ற உடைமைப் பொருளாக அவர்கள் கருதப்பட்டதால், திருமணம் என்ற ஒப்பந்தமும் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. தாயின் நிலையே குழந்தைக்கும் என்று 1662இல் வர்ஜீனியா இயற்றிய சட்டம், அடிமைப் பெண்ணின் கருப்பையையும் எசமானின் கணக்கேட்டில் சேர்த்தது. விற்பனை எந்நேரமும் நிகழக்கூடும் என்பதால், மரணம் பிரிக்கும்வரை என்று சொல்ல வேண்டிய இடத்தில், மரணமோ தொலைவோ பிரிக்கும்வரை என்று சொல்லி மணம் செய்துவைத்த போதகர்களும் உண்டு.

இந்தப் பின்னணியில் வில்லியம் கிராஃப்ட், எலன் கிராஃப்ட் தம்பதியரின் கதையை வாசிக்க வேண்டும். தங்களுக்குப் பிறக்கும் குழந்தை இன்னொருவரின் சொத்தாகிவிடும் என்ற அச்சமே அவர்களை ஓடத் தூண்டியவற்றுள் முதன்மையானது. 1848 டிசம்பரில் ஜார்ஜியாவின் மேக்கன் நகரிலிருந்து இருவரும் புறப்பட்டனர். வெளுத்த நிறமுடைய எலன், நோயுற்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியாக ஆண்வேடம் பூண்டார். கணவர் அவருடைய அடிமையாக உடன் சென்றார். எலனுக்கு எழுதத் தெரியாது. விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வது? வலக்கையைத் துணித்தூளியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். இரயிலிலும் நீராவிக் கப்பலிலும் பயணம் செய்து கிறிஸ்துமஸ் அன்று பிலடெல்பியாவை அடைந்தனர். அவர்களின் முதற்குழந்தை பின்னர் இங்கிலாந்து மண்ணில் சுதந்திரமாகப் பிறந்தது. சங்கப் பாடல்களில் உடன்போக்கைப் பாடம் சொல்லும் நமக்கு, பாலைநிலத்தின் வெம்மையைவிடக் கொடிய வழியில் நிகழ்ந்த உடன்போக்காகவே இது தோன்றியது.

எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. ஹேரியட் ஜேக்கப்ஸ் சுதந்திரக் கறுப்பினத் தச்சர் ஒருவரை நேசித்தார். எசமான் அனுமதி மறுத்தார். எசமானின் பாலியல் தொந்தரவிலிருந்து தப்ப, பாட்டி வீட்டுக் கூரையடியில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத பொந்தில் ஏறக்குறைய ஏழாண்டுகள் ஒளிந்திருந்தார். 1861இல் லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் இறுதியில், தம் கதை மற்றக் கதைகளைப் போலத் திருமணத்தில் முடியவில்லை, விடுதலையில் முடிகிறது என்னும் கருத்தை வாசகரை நோக்கிச் சொல்கிறார். அக்காலப் பெண்களின் நாவல்களுக்கு உரிய முடிவு தமக்கு மறுக்கப்பட்டதை அவர் அறிந்தே குறிப்பிடுகிறார். நெடுங்காலம் அந்நூலை ஒரு வெள்ளையரின் கற்பனை என்றே பலர் நம்பினர். 1980களில் ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் கொண்டு அது ஜேக்கப்ஸ் எழுதிய உண்மை வரலாறே என்று நிறுவினார்.

1865இல் அடிமைமுறை ஒழிந்ததும் விடுதலை பெற்றவர்கள் முதலில் செய்தவற்றுள் ஒன்று, தங்கள் திருமணங்களைப் பதிவு செய்தது. பல்லாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த முதிய தம்பதியர்கூட அதிகாரியின் முன் நின்று பெயர் கொடுத்தனர். இணையை இழந்தவர்கள் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தனர். பிலடெல்பியாவிலிருந்து வந்த 'கிறிஸ்டியன் ரெக்கார்டர்' போன்ற ஏடுகளில் இத்தகைய அறிவிப்புகள் தொடர்ந்து வெளிவந்தன. விற்கப்பட்ட ஊர், வாங்கியவர் பெயர், கடைசியாகப் பார்த்த ஆண்டு ஆகியவற்றைச் சொல்லிக் கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தேடின அவை. தேவாலயங்களில் அவற்றை உரக்க வாசித்தனர். தேடியவர்களுள் மிகச் சிலரே கண்டடைந்தனர் என்பதே ஆய்வாளர் கருத்து.

இந்த வரலாற்றை அறிந்த பின்பு, 1900இல் பாலின் ஹாப்கின்ஸ் எழுதிய 'கன்டெண்டிங் ஃபோர்சஸ்' நாவலின் இறுதியில் வரும் திருமணத்தை எளிதாகக் கடந்துபோக இயலவில்லை. வன்கொடுமைக்கு ஆளான தன் கடந்த காலத்தை மறைத்து வாழும் சாஃபோ என்ற பெண், எல்லாம் அறிந்த பின்னும் தன்னை நேசிக்கும் ஒருவனை மணக்கிறாள். இன்றைய வாசகருக்கு மிகையுணர்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் அவளைக் களங்கப்பட்டவள் என்று தள்ளாமல் மணமேடையில் ஏற்றியது அக்காலத்தில் துணிவான செயல்.

காதலை எழுதினால் அரசியல் இல்லை என்ற குற்றச்சாட்டு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1937இல் சோரா நீல் ஹர்ஸ்டன் ஜேனி என்ற பெண்ணின் மூன்று மணவாழ்க்கைகளை நாவலாக எழுதியபோது, அதில் கருப்பொருளும் இல்லை, செய்தியும் இல்லை என்ற தொனியில் மதிப்புரை எழுதியவர் ரிச்சர்ட் ரைட். ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸுக்குச் சென்று, களை மண்டிய இடுகாட்டில் தேடி, அங்கு ஒரு கல்லை நாட்டினார். ரைட்டை மதிக்கும் நாங்களும் எங்கள் சிரிப்பின் மூலம் அவருடைய மதிப்புரையையே வழிமொழிந்திருந்தோம்.

வணிகக் காதல் நாவல்களின் உலகிலோ கறுப்பினக் கதைமாந்தர் இடம்பெறவே நெடுங்காலம் ஆயிற்று. 1980இல் டெல் நிறுவனத்தில் பதிப்பாசிரியராக இருந்த விவியன் ஸ்டீபன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, எல்சி வாஷிங்டன் என்ற பத்திரிகையாளர் ரோசலிண்ட் வெல்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய 'என்ட்வைண்ட் டெஸ்டினீஸ்' நாவலை வெளிக்கொணர்ந்தார். கறுப்பினக் காதலர்களைப் பற்றிக் கறுப்பினத்தவரே எழுதி இவ்வகை வரிசையில் வந்த முதல் நூலாக அதனைச் சொல்வர். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் ஸ்டீபன்ஸே. எனினும் பெரிய பதிப்பகங்கள் கதவைத் திறக்க 1990கள் ஆயின. 1992இல் டெர்ரி மெக்மிலனின் 'வெயிட்டிங் டு எக்சேல்' பெருவிற்பனை கண்டு, கறுப்பினப் பெண்கள் புத்தகம் வாங்குவதில்லை என்ற கட்டுக்கதையை உடைத்தது. 1994இல் இரண்டு நிகழ்ந்தன: கென்சிங்டன் பதிப்பகம் 'அராபெஸ்க்' என்ற தனி வரிசையைத் தொடங்கியது, பல நிராகரிப்புகளுக்குப் பின் பெவர்லி ஜென்கின்ஸின் 'நைட் சாங்' வெளிவந்தது.

'நைட் சாங்' நாவலின் களம் கான்சாஸ். அடிமைமுறை ஒழிந்த பின் தெற்கின் வன்முறைக்குத் தப்பிய கறுப்பின மக்கள் அங்கே சென்று சொந்த ஊர்களை அமைத்தனர். 1877இல் உருவான நிக்கோடமஸ் அவற்றுள் ஒன்று. ஜென்கின்ஸின் நாயகி பள்ளி ஆசிரியை. நாயகன் குதிரைப்படை வீரன். நாவலில் தேய்ந்த சொற்றொடர்கள் உண்டு. நாயகனின் தோள் அகலம் தேவைக்கு மேல் பேசப்படுகிறது. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தம் வரலாற்றுக் காதல் நாவல்களின் பின்னிணைப்பாக வரலாற்று நூல்களின் பட்டியலைத் தரும் வழக்கம் அவருக்கு உண்டு. பாடநூல்கள் சொல்லாத வரலாற்றைக் காதல் கதை வழியே வாசகிகளின் கையில் சேர்க்கிறார்.

கதவு திறந்தது என்பதால் எல்லாம் சீராகிவிடவில்லை. அச்சங்கம் 1982 முதல் வழங்கிய விருதைக் கறுப்பின எழுத்தாளர் ஒருவர் பெற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் கென்னடி ரையானும் எம். மலோனும் பெற்றனர். 2020இல் விருதுக்கு விவியன் ஸ்டீபன்ஸின் பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டே, பூர்வகுடிகள் கொல்லப்பட்ட வூண்டட் நீ படுகொலையில் பங்கேற்ற வீரனை நாயகனாக்கிய நூலுக்கு அப்பெயரிலான விருதொன்றை அளித்து, கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்றனர். யாருடைய காதல் கதையில் யாருடைய பிணங்கள் மறைக்கப்படுகின்றன என்ற கேள்வி முடிந்துவிடவில்லை.

மாதத்தின் கடைசி நாள்களில் மாரிசனின் 'பிலவட்' நாவலுக்குத் திரும்பினோம். 1987இல் வெளிவந்த அந்நாவலில் சிக்சோ என்ற அடிமை வருகிறான். தான் நேசிக்கும் பெண்ணைப் பார்க்க முப்பது மைல் நடக்கிறவன். இறுதியில் பிடிபட்டு, தீயில் எரிக்கப்படும் வேளையில் அவன் சிரிக்கிறான். அவனுடைய குழந்தையைச் சுமக்கும் அவள் தப்பிவிட்டாள் என்பதால். முன்பு வாசித்தபோது அந்தத் தீயே எங்கள் நினைவில் நின்றது. கறுப்பிலக்கியம் என்றாலே துயரத்தின் சாட்சியம் என்று பழகியிருந்தோம். பிறருடைய வலியை மட்டும் இலக்கியம் என ஏற்று, அவர்களின் மகிழ்ச்சியைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவதும் ஒருவகை மேட்டிமைதான் என்று இம்முறை உறைத்தது. இம்முறை அந்த முப்பது மைல் நடையும் நினைவில் நின்றது.

அடுத்த பிப்ரவரிக்கான பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஜென்கின்ஸின் இன்னொரு நாவலை அதில் சேர்த்தபோது யாரும் சிரிக்கவில்லை.