மருத்துவச்சியும் பிரசவ வைத்தியமும்: தமிழில் பேறுகாலக் கல்வி தொடங்கிய வரலாறு

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் 'தாதி' என்று எழுதுகிறார். தமிழகத்திலிருந்து வரும் நூல்களில் அதே பணியாளர் 'செவிலியர்' எனப்படுகிறார். இவற்றுள் எது சரியான சொல் என்னும் வினா வகுப்பறைகளில் அடிக்கடி எழுவதுண்டு. இரண்டுமே பிற்காலத்தில் பொருள் விரிந்த சொற்கள் என்பதே நாம் தரக்கூடிய விடையாகும். 'தாதி' வடமொழிவழி வந்து, தமிழில் வளர்ப்புத்தாய் என்றும் பணிப்பெண் என்றும் பொருள்பட்டு நின்றது. 'செவிலி' அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுக்கும் தாய். தோழியைச் செவிலியின் மகள் என்றே தொல்காப்பியம் அடையாளப்படுத்துகிறது. அவள் நோயாளிக்கு மருந்தூட்டியவள் அல்லள். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒருவராக வள்ளுவர் எண்ணிய 'உழைச்செல்வான்' இன்றைய தாதியர் பணிக்கு இவ்விரண்டையும்விட நெருக்கமான சொல். ஆயினும் ஆண்பால் ஈறு கொண்ட அச்சொல்லை இருபதாம் நூற்றாண்டு எடுத்தாளவில்லை.

இச்சொற்களுக்கு நடுவே, பொருள் மாறாமல் நெடுங்காலம் நிலைத்து நின்ற சொல் ஒன்று உண்டு. அது 'மருத்துவச்சி' என்பதாகும். மருத்துவன் என்பதன் பெண்பாலாகிய இச்சொல் பெண் மருத்துவரைப் பொதுவாகக் குறிக்காமல் பிள்ளைப்பேறு பார்ப்பவளையே குறித்தது. மருத்துவம் செய்யும் பெண் யார் என்று தமிழ்வழக்கைக் கேட்டால், பேறு பார்ப்பவளே என்று அது விடை கூறியது எனலாம். தமிழில் மேலைமுறைப் பேறுகாலக் கல்வி அச்சேறியபோது இந்த மருத்துவச்சிக்கு அக்கல்வியில் என்ன இடம் கிடைத்தது என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மானிப்பாயில் அச்சேறிய நூல்

அமெரிக்க இலங்கை மிஷனைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்ரர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் பணியாற்றினார். அவர் 60க்கும் மேற்பட்டோருக்கு மருத்துவம் கற்பித்தார். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழியே கற்றவர்கள். 1864ஆம் ஆண்டில் பயிற்றுமொழி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறியது. ஆங்கிலத்தில் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் பெயர்ந்தனர் என்பதும், தமிழில் பயின்றோர் தம் மக்களிடையே தங்குவர் என்னும் எதிர்பார்ப்பும் இம்மாற்றத்திற்குக் காரணங்களாயின. மொழிப்பற்றைக் காட்டிலும் ஊரில் மருத்துவர் தங்கவேண்டும் என்னும் நடைமுறைக் கவலையே இங்கு முன்னின்றது என்பதை நாம் மறத்தலாகாது. கிறீனைத் தமிழ் அறிவியலின் தந்தையாகப் போற்றும் கட்டுரைகள் பெரும்பாலும் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன.

அவர் வெளியிட்ட நூல்களுள் இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் ஆகியன தமிழ் அறிவியல் வரலாற்றில் பலரும் எடுத்துக்காட்டுவன. ஆயின் இம்மூன்றுக்கும் முன்பே, பயிற்றுமொழி தமிழாவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1857இல் 'பிரசவ வைத்தியம்' வெளிவந்துவிட்டது. டப்ளின் நகர மருத்துவர் ஹென்றி மான்செல் எழுதிய பேறுகால மருத்துவ நூலின் தமிழாக்கம் அது. அறுவை மருத்துவ நூல் 1867இல்தான் வந்தது. விரிவான உடற்கூற்று நூல் 1872 வரை காத்திருந்தது. பேறுகால நூல் இவற்றை முந்தியதை நாம் தற்செயலாகக் கருதவில்லை. ஊரார் மேலைமுறை மருத்துவரை அழைக்கத் தயங்கிய காலத்திலும், இரண்டு மூன்று நாள் வலியில் துவண்ட பெண்ணுக்காக, வேறு வழியின்றி அவரை நாடினர்.

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் பின்பற்றிய வரிசை முறை நன்கு அறியப்பட்டதே. முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடுதல், கிடையாதவிடத்து வடசொல்லை நாடுதல், அதுவும் இல்லாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பது அம்முறை. வேதியியலுக்கு இம்மூன்றாம் படியே பெரிதும் உதவியது. கெமிஸ்தம் என்னும் தலைப்பே அதற்குச் சான்று. பேறுகால மருத்துவத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. கரு, சூல், பனிக்குடம், நஞ்சுக்கொடி, கொப்பூழ், பேற்றுவலி என இத்துறைக்கு வேண்டிய சொற்களுள் பல முன்பே தமிழில் இருந்தன. சித்த மருத்துவச் சுவடிகளில் இவற்றுட் சில பயின்றாலும், நாள்தோறும் இவற்றை ஆண்டவர்கள் பெண்கள்; சிறப்பாக மருத்துவச்சிகள். பனிக்குடம் உடைவதைக் கண்ணால் கண்டவளே அச்சொல்லுக்கு உரியவள். தமிழ்ச்சொல்லை முதலில் தேடவேண்டும் என்னும் விதியை ஒருவர் நேர்மையாகப் பின்பற்றினால், பேறுகால நூலில் அவர் எழுத்தறியாத அப்பெண்களுக்கே கடன்படுகிறார்.

ஆனால் அந்நூல் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. கிறீனின் மாணவர்கள் ஆடவர்கள். பேறு பார்த்தவர்களோ எழுத்தறிவுக்கு வெளியே வைக்கப்பட்ட பெண்கள். நூலும் கையும் இவ்வாறு வெவ்வேறு இடங்களில் இருந்தன. தமிழ்வழிக் கல்வி என்றவுடன் கல்வி மக்களைச் சென்றடைந்துவிட்டது என்று கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. பயிற்றுமொழி மாறினாலும் பயில்வோர் மாறாவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிரசவ வைத்தியம் தக்க எடுத்துக்காட்டாகும்.

இன்னொன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மேலைமுறை வந்தது, மருத்துவச்சியின் அறியாமை நீங்கியது என்று வரலாற்றை எளிமைப்படுத்தி எழுதுவோர் ஆண்டுகளைக் கவனிப்பதில்லை. மான்செலின் நூல் 1834இல் வெளிவந்தது. மருத்துவரின் கழுவாத கையே பேறுகாலக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று வியன்னாவில் செம்மல்வைசு காட்டியது 1847இல். லிஸ்டரின் கிருமித்தடுப்பு முறை வந்தது 1867இல். ஆகவே தமிழுக்கு வந்த முதல் மேலைமுறைப் பேறுகால நூல் கிருமிக் கொள்கைக்கு முற்பட்ட அறிவையே அடிப்படையாகக் கொண்டது. அதே காலத்தில் ஐரோப்பாவின் பெரிய மகப்பேற்று மருத்துவமனைகளில் வீட்டுப் பேறுகளைக் காட்டிலும் அதிகமான தாய்மார் மாண்டனர். குறுக்கே கிடக்கும் குழந்தையைத் திருப்புதல், கருவி கொண்டு எடுத்தல் ஆகியவற்றில் அந்நூல் மருத்துவச்சிக்கு நிச்சயமாக மேம்பட்டது. தூய்மையைப் பொறுத்தவரை இருவரும் ஏறத்தாழ ஒரே இருளில் நின்றனர் என்பதே எமது துணிபு.

சென்னையில் பெண்களின் பயிற்சி

சென்னையில் நிகழ்ந்தது வேறு. 1844இல் தொடங்கப்பட்ட மகப்பேற்று மருத்துவமனை பின்னர் எழும்பூர் மருத்துவமனை எனப் பெயர்பெற்றது. அங்கு 1854 முதல் பேறு பார்க்கும் பெண்களுக்கான பயிற்சிக்கு அரசு இசைவளித்தது. பிரசவ வைத்தியம் அச்சேறுவதற்கு மூன்றாண்டுகள் முன்னர் என்பது நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தில் தமிழ் நூல் இருந்தும் பெண் மாணவர் இல்லை. சென்னையில் பெண் மாணவர் இருந்தனர். ஆனால் பயிற்சியின் கட்டமைப்பு ஆங்கில மருத்துவமனையினுடையது. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நான்கு மாணவியருடன் தாதியர் பயிற்சி தொடங்கியது. இந்தியத் தாதியர் கல்வி வரலாறுகள் தம் முதல் அத்தியாயத்தை இங்கிருந்தே எழுதுகின்றன.

எழும்பூர் மருத்துவமனையில் பேறுகாலப் பயிற்சி பெற்றவர்களுள் மேரி ஷார்லீப் ஒருவர். வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்த அவர், ஆடவர் மருத்துவத்தை ஏற்க மறுத்த பெண்கள் பேற்றின்போது துணையின்றி இறப்பதை அறிந்து வருந்தினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களுள் அவரும் இருந்தார். 1885இல் சென்னையில் தோன்றிய, மக்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றழைத்த பெண்கள் மருத்துவமனை அவரது முயற்சியின் விளைவாகும்.

இச்சிக்கலை ஐடா ஸ்கடரின் வாழ்க்கை இன்னும் கூர்மையாகக் காட்டும். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் முதல் அமெரிக்க மிஷன் மருத்துவராகப் பணியாற்றிய ஜான் ஸ்கடரின் பேத்தி அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்மார் தத்தம் மனைவியரின் பேற்றுக்கு உதவி வேண்டி வந்ததும், மருத்துவராகிய தம் தந்தையை அழைத்துச்செல்ல அவர்கள் இணங்காததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் தம்மை மருத்துவம் பயிலத் தூண்டியதாக அவர் கூறிவந்தார். ஸ்கடர், கிறீன் ஆகியோரின் யாழ்ப்பாண மிஷன் மரபு ஆடவருக்குப் பேறுகால மருத்துவம் கற்பித்து இரு தலைமுறைகள் கழிந்த பின்னரும் அவ்வறிவு வாசற்படியைத் தாண்டவில்லை. 1900இல் மருத்துவராகத் திரும்பிய ஐடா, வேலூரில் 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண் மருத்துவர்களுக்கான பள்ளி 1918இல்தான் வந்தது. மருத்துவருக்கு முன்பே தாதியரைப் பயிற்றுவித்த இவ்வரிசை, தேவை எங்கிருந்தது என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது. வேலூரில் 1946இல் தாதியர் கல்வி பட்டப்படிப்பாக உயர்ந்தது.

பரம்பரை மருத்துவச்சிகள் இப்பள்ளிகளுக்குள் பெரும்பாலும் வரவில்லை. தமிழகத்தின் பல பகுதிகளில் அவர்கள் நாவிதர் குடும்பத்துப் பெண்கள். பேற்றுத் தீட்டைத் தொடும் தொழிலைச் சாதி அவர்கள்மேல் சுமத்தியிருந்தது. கர்சன் சீமாட்டி 1903இல் தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி மரபுவழிப் பேறு பார்ப்போரைப் பயிற்றுவிக்க முனைந்தது. பயன் மிகுதியாக விளையவில்லை. 1926இல் சென்னை மாகாணம் தாதியர், மருத்துவச்சியர் சட்டத்தை இயற்றிப் பதிவுமுறையைக் கொணர்ந்தபோது, பயின்றவளுக்கும் பயிலாதவளுக்கும் இடையிலான கோடு சட்டத்தின் கோடாகவும் ஆயிற்று.

இலங்கையும் மலாயாவும்

அதே 1926ஆம் ஆண்டில் இலங்கையின் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வரையறுக்கப்பட்ட மக்கட்தொகைக்கு ஒரு பயின்ற மருத்துவமாது, வீடு தேடிச் செல்லும் கடமையுடன் அமர்த்தப்பட்டார். மானிப்பாய் நூலால் இயலாததை இந்த ஏற்பாடு இயற்றியது என்று துணிந்து கூறலாம். தாய்மொழியில் பேசும் பெண், முறையான பயிற்சி, மேலே சிக்கலைக் கொண்டுசெல்ல ஒரு மருத்துவமனை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. உலக வங்கி 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று தாய்மார் இறப்பைக் குறைப்பதில் உலகம் பின்பற்றத்தக்க இரு நாடுகளாக இலங்கையையும் மலேசியாவையும் எடுத்துக்கொண்டது. இரு நாடுகளிலும் 1950ஆம் ஆண்டையொட்டி 1,00,000 பிறப்புகளுக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1990களில் அத்தொகை 50க்கும் கீழே இறங்கியது. பயின்ற பேறுகாலப் பணியாளர்களை ஊர்ப்புறத்தில் பரவலாக அமர்த்தியதை அவ்வாய்வு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டது.

மலாயாவில் தாதியர் பதிவுக்கான சட்டம் 1950இலும் மருத்துவச்சியர் சட்டம் 1966இலும் வந்தன. பிந்தைய சட்டம், முறையாகப் பயிலாத மரபுவழிப் பெண்களையும் உடனே ஒதுக்கிவிடாமல் பதிந்துகொள்ள இடமளித்தது. சென்னை வரைந்த கோட்டை மலேசியா சற்றே வளைத்தது எனலாம். கம்போங் பீடான்களைப் பற்றி மானிடவியலாளரும் மருத்துவ ஆய்வாளரும் நிறைய எழுதியுள்ளனர். தோட்டத்து மருத்துவச்சியோ நம் ஆய்வுகளில் ஓரிரு வரிகளில் வந்து மறைகிறாள். யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த டிரசர்கள் தோட்ட மருத்துவமனைகளில் மருந்து கொடுத்தனர். லயத்து வீடுகளில் பிள்ளை எடுத்தவர்கள் உடன் பால்வெட்டிய மூத்த பெண்கள். மானிப்பாயில் காணப்பட்ட அதே பிரிவினை, ஆணிடம் சீசாவும் பெண்ணிடம் கையுமாக, ரப்பர்த் தோட்டத்திலும் தொடர்ந்தது.

இத்துறையில் தமிழாசிரியர்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். ஆயாக் கொட்டகைகளும் மறைந்தன. லயத்தில் பிள்ளை பெற்ற பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். யார் பேறு பார்த்தார், கொடியை எதனால் அறுத்தார், எச்சொற்களைச் சொல்லி வலியைத் தாங்கவைத்தார் என மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வந்தால், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பேறுகாலச் சொற்கள் பல கிடைக்கும். பட்டியலின் தலைப்பில் 'மருத்துவச்சி' என்றே எழுதச் சொல்லலாம்.