குருத்தணு

தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பு விளம்பரங்களில் 'ஸ்டெம் செல்' சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது. 1868-இல் உயிரியலாளர் ஹேக்கல் ஜெர்மன் மொழியில் இந்தப் பெயரை இட்டபோது, பலசெல் உயிர்களுக்கெல்லாம் மூதாதையான ஒற்றைச் செல்லைத்தான் நினைத்தார். பிறகே அந்தப் பெயர் உடலுக்குள் இருக்கும் செல்லைக் குறிக்க வந்தது. தமிழில் அதைத் 'தண்டணு' என்றால் தாங்குவது தெரியும், தளிர்ப்பது தெரியாது. 'குருத்தணு'வே பொருத்தம். பனைகளில் ஓலையெல்லாம் குருத்திலிருந்தே விரிகிறது. குருத்து அழுகினால் மரமே பட்டுப்போகும். குருத்தெலும்போடு குழம்பாதா என்பார்கள். அங்கே குருத்து மென்மையைச் சொல்கிறது, இங்கே முளைக்கும் திறத்தை. இடம் பார்த்தால் குழப்பமில்லை. இன்னொன்று, பனங்குருத்து வாழையிலை தராது. கொடி இரத்தக் குருத்தணுவும் முக்கியமாக இரத்த அணுக்களையே தரும். 1988-இல் பாரிஸில் கொடி இரத்தத்தை முதன்முதல் செலுத்தியதும் பரம்பரை இரத்தசோகை கொண்ட சிறுவனுக்குத்தான். சொந்தப் பயனுக்கென்று தனியாரிடம் சேமிக்க அறிவியல் ஆதாரமில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை சொல்கிறது. பணம் கட்டுமுன் அதைப் படித்துவிடுங்கள்.