உள்வைப்பு ஃபோர்ஜிங்

இடுப்பு மூட்டுத் தண்டு, எலும்புத் தகடு போன்றவற்றுக்கான உலோகத்தைக் காய்ச்சி, டை எனும் அச்சுக்குள் அடித்தோ அழுத்தியோ உருவாக்கும் முறை. நடக்கும்போது இடுப்பு மூட்டு உடல் எடையைப் போல் சில மடங்கு சுமையைத் தாங்குகிறது. வார்ப்பில் தங்கும் நுண்துளை அங்கே விரிசலுக்கு வழிவிடும். அடித்த உலோகத்தில் படிக மணிகள் நெருங்கி, தண்டின் வளைவோடு ஓடும்.

பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் வார்ப்பு, ஃபோர்ஜிங் பிரிவு விமானங்களுக்காக டைட்டானியத்தை அடிக்கிறது. விமானத்துக்குப் பயன்படும் டைட்டானியம்-6 அலுமினியம்-4 வனேடியம் கலவைதான் உடலுக்கும். ஆக்சிஜன் அளவு மட்டும் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். அடிக்கும்போது சூடு ஏறக்குறைய 950 டிகிரி செல்சியஸ். 1,000 டிகிரியை நெருங்கினால் உள்ளமைப்பே மாறிவிடும். வேலையின் உண்மையான தொல்லை மேற்பரப்பில்தான்: காற்றின் ஆக்சிஜனைக் குடித்து இறுகிய, எளிதில் நொறுங்கும் தோல் படிகிறது. நைட்ரிக், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலக் கலவையில் தோய்த்து அதை முழுதும் அகற்றுவார்கள்.

விமானவியலுக்கும் மருத்துவத்துக்கும் இந்நகரில் பழைய உறவுண்டு. திருவனந்தபுரத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்வு, பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகங்களில் நீடித்துழைப்புச் சோதனைக்கு உள்ளானது. ஆனால் அதன் கூடு அடித்ததல்ல, கோபால்ட் கலவையில் கடைந்தது.