வழுவும் வழுவமைதியும்: கடுகண்ணாவைப் பாதையில் சில ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் நாள்தோறும் பலமுறை உச்சரிக்கும் சொல் ‘மிஸ்டேக்’. தவறாக எடுத்துக்கொள்ளல் என்பதே அதன் பழைய பொருள். ‘எரர்’ என்பது இலத்தீனில் அலைந்து திரிதலைக் குறித்தது. ‘பிளண்டர்’ என்பது கண்மூடித் தடுமாறுதல். ‘ஸ்லிப்’ என்பது வழுக்குதல். தமிழும் இவ்வழியே நடந்திருக்கிறது. தவறு என்பது கைதவறிப் போவது. வழு என்பது வழுவிப் போவது. கை நழுவுவதும் கால் சறுக்குவதும் மனித இயல்பு என்பதை இரு மொழியாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நம் இலக்கணிகள் ஒருபடி மேலே சென்றனர். வழு என்று ஒன்றை வகுத்தபின், தக்க காரணம் இருப்பின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வழுவமைதி என்ற மற்றொன்றையும் வகுத்தனர். எவருடைய வழு அமைதி பெறும், எவருடையது பெறாது என்பதை இலக்கணத்தில் நூற்பா தீர்மானிக்கிறது. சமுதாயத்தில் அதைத் தீர்மானிப்பது எது? கண்டி மலைநாட்டின் வாயிலாகிய கடுகண்ணாவையின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது.

1820ஆம் ஆண்டையொட்டி, ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைக்கும் வேலை தொடங்கியது. அவ்வேலைக்குத் தலைமை தாங்கிய பொறியாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய உயர்ந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பேரால் அவ்வீதியில் கல்லுடைத்த சிங்களக் குடியானவர்களுக்கு அங்கே கோபுரம் இல்லை.

வீதியின் பின் புகையிரதம் வந்தது. கோப்பித் தோட்ட முதலாளிகளுக்கு மாட்டுவண்டி போதவில்லை. 1845இல் இலண்டனில் சிலோன் ரயில்வே கம்பனி உருவாயிற்று. 1857இல் கப்டன் மூர்சம் என்ற பொறியாளர் வழிகளை ஆராய்ந்து, சுமார் 8 இலட்சத்து 56 ஆயிரம் பவுண் போதும் என்று அறிக்கை தந்தார். 1858 ஆகஸ்டு மாதத்தில் ஆளுநர் ஹென்றி வார்ட் ஆரவாரமாக முதல் மண்ணை வெட்டினார். மறுமதிப்பீடு செய்தபோது தொகை இரண்டு மடங்கையும் தாண்டியது! 1861இல் கம்பனியின் ஒப்பந்தம் முடிவுற்றது. அரசாங்கமே வேலையை ஏற்றது.

இத்தகைய தவறுக்கு ஆங்கிலத்தில் ஓர் அழகிய சொல் உண்டு: ‘அண்டர் எஸ்டிமேட்’, குறை மதிப்பீடு. அச்சொல்லில் குற்றத்தின் வாடையே இல்லை. இலட்சக்கணக்கான பவுண் பிசகிய கணக்கு ஏதோ கோள் சஞ்சாரம்போலத் தானாகவே நேர்ந்துவிட்டது என்று அதைக் கேட்பவர் எண்ணுவர். பிசகை ஈடுசெய்தது காலனியின் பொதுவருவாய். இறக்குமதி அரிசிக்குத் தீர்வை செலுத்தி உண்ட கூலியின் பணமும் அதில் அடக்கம்.

1863இல் பெவியல் என்ற ஒப்பந்தக்காரர் வேலையை ஏற்றார். ஏறக்குறைய நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி ஏறும் கடுகண்ணாவைச் சரிவில், பாறையைப் பிளந்தும் குடைந்தும் வழி அமைத்தவர்களுள் தென்னிந்தியத் தொழிலாளரும் இருந்தனர். 1867இல் வண்டி கண்டியை அடைந்தது.

இங்கே ஆண்டுகளைக் கவனிக்க வேண்டுகிறோம். அம்மலையில் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டம் பிறந்தது. வேலைக்காரர், கூலியாட்கள், கைவினைஞர் ஆகியோருக்கான அச்சட்டத்தின் சொற்கள் வேறு. ‘நெக்லெக்ட்’ என்றால் கடமையில் அசட்டை. ‘மிஸ்காண்டக்ட்’ என்றால் தீயொழுக்கம். அனுமதியின்றி வேலையை விட்டு நீங்கினால் ‘டிசேர்ஷன்’, போர்க்களத்தை விட்டு ஓடிய சிப்பாய்க்குரிய சொல். காய்ச்சலில் படுத்தவன் வேலைக்கு வராதது அசட்டையா அன்றா என்பதைத் துரையின் புகாரும் நீதவானின் மனமும் தீர்மானித்தன. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, கூலியும் பறிபோகும். பொறியாளனின் பிசகு கணக்கேட்டோடு முடிந்தது. கூலியாளின் பிசகு சிறைக்கூடம் வரை சென்றது. 1920களின் தொடக்கம் வரை இந்நிலை நீடித்தது. கடனைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்ற உதவிய துண்டு முறையும் 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

சிறைத் தண்டனை நீங்கினாலும் சொற்பாகுபாடு நீங்கவில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் செக்ரோலில் ‘அரைப்பேர்’, அதாவது பாதிக் கூலி. தராசின் முள் பிசகினால் அது ‘மிஸ்டேக்’. தொழிலாளி பிழைவிட்டால் அவனது சொல் தப்பு. மலையகத்தில் தப்பு என்பது பறைக்கும் பெயர். விடியுமுன் அது முழங்கினால் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும்; பிந்தி வந்தால் அதுவும் தப்பு. தமிழில் தப்புவது என்றால் பிழைத்துக்கொள்வது என்றும் பொருள் உண்டு. அந்தப் பொருள் மட்டும் லயங்களுக்கு வந்து சேரவில்லை.

இந்தச் சொல்வரிசையில் ‘கிளரிக்கல் எரர்’ என்பதற்குத் தனி இடம் உண்டு. எழுதுவினைஞரின் பேனா சற்றே வழுக்கியது என்பது அதன் கருத்து. மன்னிப்பு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்று கேட்டது. தோட்டத்து மக்களுள் பெரும்பாலோரிடம் அதற்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இருந்த இடத்திலும், கருப்பாயி என்றொருத்தி பதிவேட்டில் வேறோர் எழுத்தோடு நின்றால், தான் தானே என்று நிறுவும் சுமை அவள் தலையில் விழுந்தது. பேனாவைப் பிடித்தவருக்கு அந்தச் சுமை இல்லை.

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 1,50,000 பேரைப் பின்னொருகால் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்தது. எஞ்சி நின்றோரின் கணக்கை முடிக்கவே 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேவைப்பட்டது. 1948இல் லயத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது.