ஏத்9கே டிரைவர்: அனுப்புநிரல் மறுசீரமைப்பு

ஏதெராஸ் நிறுவனத்தின் 802.11என் வகை வைஃபை சிப்புகளை லினக்ஸில் இயக்கும் டிரைவர் ஏத்9கே. 2008-இல் ஏதெராஸே இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு லினக்ஸ் 2.6.27 பதிப்பில் இது சேர்ந்தது. நிறுவனம் கலிபோர்னியாவைச் சேர்ந்தது என்றாலும் அதன் சென்னைப் பொறியாளர்களும் இந்த டிரைவருக்கு உழைத்தனர். பராமரிப்பாளர் பட்டியலிலேயே தமிழ்ப் பெயர்கள் இருந்தன. 2011-இல் ஏதெராஸை குவால்காம் வாங்கியது.

பாக்கெட்டுகளை அனுப்பும் பகுதிதான் இந்த டிரைவரின் சிக்கலான இடம். 802.11என் முறையில் பாக்கெட்டுகள் தனித்தனியாகப் போவதில்லை. ஒரு கட்டுக்கு 64 வரை சேர்ந்து போகலாம். கட்டில் எவை போய்ச் சேர்ந்தன என்று எதிர்முனை பதில் தரும். சேராதவற்றை மறுபடி அனுப்ப வேண்டும். கட்டு கட்டுவது, மறுபடி அனுப்புவது, அதுவரை வரிசையில் காக்கவைப்பது ஆகிய மூன்றையும் ஏத்9கே தானே செய்தது. மேலடுக்கில் எவ்வளவு நல்ல வரிசைமுறை இருந்தாலும், பாக்கெட்டுகள் டிரைவருக்குள் இறங்கியபின் அங்கே தேங்கின.

இந்தத் தேக்கமும் அலைவரிசையை முறைவைத்துப் பங்கிடுவதும் சேர்ந்து தந்த விளைவை வீட்டிலேயே காண முடிந்தது. டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் ஒரு மாடிவீடு என்று கொள்வோம். ரூட்டர் கீழே, மாடியின் கோடி அறையில் சிக்னல் மங்கிய பழைய மடிக்கணினி. எல்லாக் கருவிகளுக்கும் முறை சமமாகத்தான் வரும். ஆனால் மெதுவான கருவி தன் ஒவ்வொரு முறையிலும் நெடுநேரம் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டாலும் அது திக்கித் திணறும்.

2016-இல் டோக்கே ஹோய்லாண்ட்-யோர்கென்சன் முதலியோர் ஏத்9கேயின் சொந்த வரிசைகளை அகற்றி, வைஃபை டிரைவர்களுக்குப் பொதுவான மேக்80211 அடுக்கின் இடைவரிசைகளுக்கு அதை மாற்றினர். இடைவரிசை ஒவ்வோர் இணைப்பின் பாக்கெட்டுகளையும் பிரித்துவைத்து மாறிமாறி எடுப்பதால், வந்த ஒழுங்கு கலைந்துவிடும். டபிள்யூ.பி.ஏ.2 மறையாக்கத்திலோ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஏறுவரிசையில் எண் உண்டு. ஏற்கெனவே பெற்றதைவிடக் குறைந்த எண்ணோடு வருவதை எதிர்முனை பழைய நகல் என்று தள்ளிவிடும். எனவே எண்ணிடும் வேலையையே, பாக்கெட் வரிசையைவிட்டு வெளியே வந்த பிறகு செய்யும்படி நகர்த்த வேண்டியிருந்தது. இந்த மாற்றத்தின் அருமை, ஒரு செயலை அதற்குரிய தருணத்துக்கு நகர்த்திய இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிறகு, முறைகளை எண்ணுவதற்குப் பதிலாக ஒவ்வொரு கருவியும் அலைவரிசையைப் பிடித்துவைத்திருக்கும் நேரத்தை அளந்து பங்கிடும் ஏற்பாடு வந்தது. நெரிசலில் ஏற்படும் தாமதம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததை, 2017-இல் சான்டா கிளாராவில் நடந்த யூஸ்னிக்ஸ் மாநாட்டுக் கட்டுரை காட்டியது. உள்ளமைப்பை மட்டும் மாற்றி வெளிச்செயலை மாற்றாதிருப்பதே மறுசீரமைப்பு என்ற இலக்கணத்தை இந்தப் பணி தாண்டியே சென்றது.

ஏத்9கே ஓட்டும் பி.சி.ஐ. அட்டைகளுக்குத் தனி ஃபர்ம்வேர் தேவையில்லை. கட்டு கட்டும் நிரல்கூட மூலநிரலில் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால்தான் இந்தச் சோதனைக்கு அது வாய்த்தது. பிந்தைய சிப்புகள் பலவற்றில் அந்த வேலை மூடிய ஃபர்ம்வேருக்குள் போய்விட்டது. 2023-இல் வெளிவந்த லினக்ஸ் 6.2 முதல், மேக்80211 வழியாக இயங்கும் எல்லா டிரைவர்களுக்கும் இடைவரிசையே அனுப்பும் வழி.