எண்ணிக்கையும் இருப்பிடமும்: திருவிதாங்கூர்த் தமிழரின் ஓட்டுக் கணக்கு

வியாபாரிக்குப் பேரேடு ஒத்துவரவில்லை என்றால் இரவு தூக்கம் வராது. கேரள மாநிலம் அமைந்தபின் நடந்த முதல் இரண்டு சட்டமன்றத் தேர்தல்களின் கணக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது. 1957-ல் கம்யூனிஸ்ட் கட்சி பெற்ற ஓட்டு நூற்றுக்கு 35. கிடைத்த இடங்கள் 126-ல் 60. காங்கிரசுக்கு ஓட்டு அதைவிடக் கூடுதல், 37-க்கும் மேல். ஆனால் இடங்கள் 43 மட்டுமே. சுயேச்சைகளின் ஆதரவோடு இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு முதலமைச்சரானார். 1959-ல் அந்த அமைச்சரவை கலைக்கப்பட்டு, 1960-ல் மறுபடி தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் ஓட்டு 35-லிருந்து 39 ஆகக் கூடியது. இடங்களோ 60-லிருந்து 29 ஆகக் குறைஞ்சு போச்சு. விற்பனை ஏறியும் கல்லாவில் பாதிதான் விழுந்தது என்றால் எந்தக் கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்வார்?

காரணம் மர்மமானதல்ல. 1957-ல் எதிர்த்தரப்பு பல கட்சிகளாகப் பிரிந்து நின்றது. 1960-ல் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் மூன்றும் கைகோர்த்து நின்றன. நம் நாட்டில் ஒரு தொகுதியில் முந்தியவர் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். தோற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு செல்லாக்காசு. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்பது இதற்கு மாறானது. பல உறுப்பினர்களைக் கொண்ட பெரிய தொகுதியில், ஓட்டுக்கு ஏற்றபடி இடங்களைப் பங்கிட்டுக் கொடுப்பது அது. இந்த முறை நியாயமானது, நம் முறை அநியாயமானது என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தமிழர் கணக்கைத் தனியே எடுத்துப் பார்த்தபோது விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

நம் சங்க மேடைகளில் தேர்தல் என்றால் உத்தரமேரூர்க் குடவோலையைச் சொல்லாமல் பேச்சு முடிவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பெருமைக்குரியவைதாம். ஆனால் அது குலுக்கல், ஓட்டு எண்ணிக்கை அல்ல. நிலமும் கல்வித் தகுதியும் உள்ளவர்களின் பெயர்களே குடத்துக்குள் போயின. அதில் என் கண்ணில் பட்டது வேறொன்று: ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவர் என்று எடுத்தார்கள். அதாவது பங்கு ஆளைப் பொறுத்ததல்ல, இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இன்றைய தொகுதி முறையின் அடிப்படையும் அதுதானே!

நியாயமான பங்கு என்ற கேள்வி திருவனந்தபுரத்தில் உரக்கக் கேட்டது 1932-33-ல். ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா அறிவித்த சட்டசபைச் சீர்திருத்தத்தில் ஓட்டுரிமை நிலவரியோடு கட்டப்பட்டிருந்தது. நிலம் யார் கையிலோ சபையும் அவர் கையில் என்று ஈழவர், கிறித்தவர், முஸ்லிம் தலைவர்கள் ஒன்றுசேர்ந்து, மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு கேட்டுத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று பெயர். 1935-ல் கோழஞ்சேரிப் பேச்சுக்காக சி.கேசவன் சிறைக்குப் போனதும் இந்தத் தொடரில்தான். கடைசியில் அரசு கொடுத்தது விரிவான ஓட்டுரிமையும் சமூகங்களுக்கு ஒதுக்கிய இடங்களும்.

தென் தாலுகாத் தமிழர்களுக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கிலும் தமிழர் அடர்த்தியாக இருந்தார்கள். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி முதலானோர் தலைமையில் 1948 தேர்தலில் 120-ல் 14 இடங்களைப் பிடித்தது. அதே தேர்தலில் மாநிலம் முழுக்கப் பரவிக் கிடந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஓரிடமும் இல்லை. 1952-ல் எட்டு இடம், 1954-ல் 117-க்குப் பன்னிரண்டு. எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காத அந்தச் சபையில் 12 என்பது சின்ன எண் அல்ல. காங்கிரசுக்கே 45தான். பட்டம் தாணுபிள்ளை வெறும் 19 பேரை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் தயவில் மந்திரிசபை நடத்தினார். ஒரு வருஷம் நிறையவில்லை. அந்த ஆட்சியில்தான் 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி தென்பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் முதல் தேதி நான்கு தாலுகாவும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன.

அவர்களுக்கு அது வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுபோன நம் நிலை என்ன? ஆரியசாலை, சாலை பஜார், கோட்டை, கரமனை என்று ஒவ்வொரு தெருவிலும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லை. தேவிகுளம் தேயிலைத் தோட்டத் தமிழர் ஒரே மலையில் கூடி இருப்பதால், அங்கே எந்தக் கட்சியும் தமிழ் பேசத் தெரிந்தவரைத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆரியசாலையில் அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

இலங்கைக் கணக்கு இதைவிடக் கூர்மையானது. 1977-ல் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கி 168-ல் 140 இடங்களை எடுத்தது. ஏறத்தாழ 30 சதவீதம் வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8. ஏழு சதவீதத்தையும் எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கோ 18! அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். விகிதப்படி பங்கிட்டிருந்தால் சுதந்திரக் கட்சிக்கு 50 வந்திருக்கும். கூட்டணிக்கு 11 தேறியிருக்கும். அப்படியானால் தொகுதி முறை தமிழனுக்கு நல்லதா என்றால், அவசரப்படக் கூடாது. அதே முறை ஆளுங்கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு கொடுத்தது. அந்தப் பலத்தில் 1978-ல் புது அரசியலமைப்பையே எழுதிக்கொண்டார்கள். பதினெட்டுப் பேர் எழுந்து நின்று என்ன தடுக்க முடிந்தது?

விகிதாசார முறையும் அந்த அரசியலமைப்போடுதான் வந்தது. முதலில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு ஓட்டு இருந்தால்தான் இடம் என்று வேலி போட்டார்கள். 1988-ல் அது இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. சிறிய கட்சிகளுக்கு மூச்சு வந்தது அதற்குப் பிறகே. நமக்கு இதில் பாடமாக உள்ள ஊர் யாழ்ப்பாணமல்ல, கொழும்பு. அங்கே தமிழர் நம்மைப் போலவே தெருத்தெருவாகச் சிதறி இருக்கிறார்கள். மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி, அதோடு பட்டியலுக்குள்ளேயே விருப்பு வாக்கும் உண்டு என்பதால், பெரிய கட்சிப் பட்டியலில் நின்ற மனோ கணேசனால் 2015-லும் 2020-லும் அங்கே வெல்ல முடிந்தது. குறையும் உண்டு. ஒரே கட்சிக்காரர்கள் விருப்பு வாக்குக்காக ஒருவரையொருவர் கவிழ்ப்பார்கள், மாவட்டம் முழுக்கச் சுற்றப் பணம் கரையும். சாலையில் ஓடை பொங்கினால் நாம் கூப்பிட ஒரு எம்.எல்.ஏ. உண்டு, அங்கே யாரைக் கூப்பிடுவது?

இந்தியாவில் இதைப் பேசாமல் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அரசியல் நிர்ணய சபையே விகிதாசார முறையில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. ராஜ்யசபைக்கு இன்றும் அதே முறைதான். 1949 ஜனவரியில் காஜி சையத் கரீமுத்தீன் மக்களவைக்கும் அது வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். படிப்பறிவு பரவாத நாட்டுக்கு ஒவ்வாது, நிலையான ஆட்சியும் அமையாது என்பது டாக்டர் அம்பேத்கரின் பதில். 1951-ல் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 18 பேர்தான். அன்றைக்கு அது சரியான வாதம். இன்றைக்குக் கேரளத்தில் அதைச் சொல்ல முடியாது. இரண்டாவது வாதத்துக்குப் பட்டம் தாணுபிள்ளையின் 19 பேரே சாட்சி: தொகுதி முறையிலும் ஆட்சி கவிழும்.

சரி, நமக்கு என்ன தேறும்? 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர் சுமார் ஐந்து லட்சம், ஒன்றரைச் சதவீதம். 140 இடங்களில் அது இரண்டு. தேவிகுளத்தைக் கழித்தால் மிச்சம் ஒன்று. (தமிழகத்தில் எங்கள் சமணர் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்: வடநாட்டாரையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் குறைவு, 234-ல் கால் சீட்டுக்குச் சற்று மேல் வருகிறது!) இலங்கை மாதிரி ஐந்து சதவீத வேலியை மாநில அளவில் போட்டால் தனித் தமிழ்க் கட்சிக்கு அந்த இரண்டும் இல்லை. ஆக, பெரிய கட்சியின் பட்டியலுக்குள் விருப்பு வாக்கோடு போகிற கொழும்பு வழிதான் நமக்குப் பயன்படும். தனிக்கட்சி வழி அல்ல.

இப்போதைக்கு நம் ஓட்டுக்கு எடை இருப்பது மாநகராட்சி வார்டில் மட்டும். வார்டு சிறியதாக இருப்பதால் நாலு தெருத் தமிழர் அங்கே கணக்கில் வருகிறார்கள். எல்லைக் கோட்டை ஒரு தெரு நகர்த்தினாலும் அந்தக் கணக்கு மாறும். 2024-ல் வார்டு மறுவரையறை வரைவு வெளியானபோது ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அவகாசம் இருந்தது. நம் ஆட்கள் யாராவது வரைபடத்தைப் பார்த்தார்களா என்று கடைத்தெருவில் விசாரித்தேன். ஒருவரும் இல்லை. நானும் பார்க்கவில்லை, ஓணச் சரக்கின் பாக்கி வசூலில் இருந்தேன்.