அஞ்சலட்டையில் அலையடிக்கும் மதராஸ்

நூறாண்டுக்கு முந்தைய மதராஸ் பட அஞ்சலட்டைகளில் மசூலாப் படகைப் பார்க்கலாம். ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் நெளிந்து கொடுக்கும், உடையாது. துறைமுகம் எழும்முன் கரைக்கு அப்பால் கடலில் நின்ற கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது அதுதான். எத்தனை நுட்பமான கைவேலை!

1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராமும் அட்டைகளில் உண்டு.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. அந்த அழிவும் அஞ்சலட்டையாக விற்பனைக்கு வந்தது.

அட்டைகளில் காணும் மூர் மார்க்கெட்டின் சிவப்புக் கட்டடம் 1985இல் எரிந்துபோனது. உங்கள் வீட்டுப் பெட்டியில் இப்படியோர் அட்டை இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.